தோப்புக்குள் ஆடிய ரம்மி, ஓடைக்கரையில் முளைத்த வழக்கு

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 54. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். தீபாவளிக்கு மறுநாள், நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் மோட்டார் அறைத் திண்ணையில் ஆறு பேர் உட்கார்ந்து ரம்மி ஆடியிருக்கிறார்கள். பாயிண்டுக்கு 50 பைசா. ஜெயித்தவர் ஆட்டத்துக்கு 20 ரூபாய் தோப்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும், டீக்கும் முறுக்குக்குமாக. மாலை நான்கு மணிக்கு போலீஸ் வந்தது. சீட்டு, 3,140 ரூபாய், நான்கு செல்போன், இரண்டு வண்டி எல்லாம் ஸ்டேஷனுக்குப் போயின. இரவு ஒன்பது மணிக்கு ஜாமீனில் விட்டுவிட்டார்கள். மறுநாள் பேப்பரில் 'சூதாடிய 6 பேர் கைது' என்று நான்கு வரிச் செய்தி.

எஃப்.ஐ.ஆரில் இருப்பது வேறு கதை என்கிறார். ஊருக்கு மேற்கே ஓடைக்கரைப் புறம்போக்கில், பொதுமக்கள் நடமாடும் இடத்தில், பணம் வைத்து வெட்டுச்சீட்டு (முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய சீட்டாட்டம்) ஆடியதாகவும், 52 சீட்டுகள் கைப்பற்றப்பட்டதாகவும் எழுதியிருக்கிறதாம். சூதாட்டச் சட்டத்தின் பிரிவு 12. "கோர்ட்டில் ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போங்கள், ஹெல்மெட் கேஸ் மாதிரிதான்" என்று ஸ்டேஷன் ரைட்டர் சொல்கிறார். மகளுக்கு ஷார்ஜாவில் பிரசவம், நான்கு மாதத்தில் இவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகிறது. இதற்கு நடுவே, சீட்டில் தோற்ற 85,000 ரூபாய்க்கு முன்பு எழுதிக்கொடுத்த புரோநோட்டை வைத்து, ஆட்டக்காரர்களில் ஒருவரே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

"ரம்மி திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே, பிறகு எப்படி வழக்கு? போனில் லட்சக்கணக்கில் ஆடுகிறவனை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கலாமா?" என்பது அவருடைய ஆற்றாமை. கடைசியில் இரண்டு உபரிக் கேள்விகளும் இருக்கின்றன. கோயில் கமிட்டி குலுக்கல் சீட்டு போடலாமா? சகலை வாங்கி வைத்திருக்கும் கேரளா லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்தால் வாங்க முடியுமா?

ஐயா, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ரம்மி அல்ல, அந்த 52 என்ற எண். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் பெரிதாக நம்பியிருக்கும் விஷயத்தைக் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது.

ரம்மி பற்றிச் சொன்னது உண்மை. அதில் பாதிதான் உங்களுக்கு உதவும்

1967-ல் ஆந்திர அரசு, சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் செல்லும். செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள் மீது போட்ட வழக்கு அது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், அதனால் ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்றது நீதிமன்றம். மூன்று சீட்டு ஆட்டத்தை மட்டும் முழுக்க அதிர்ஷ்டம் என்று தனியே ஒதுக்கியது. அதே தீர்ப்பில் யாரும் மேடையில் சொல்லாத ஒரு வரி உண்டு. இடத்துக்காரர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் எடுக்கிறார் என்று சாட்சியம் இருந்தால், ரம்மியாக இருந்தாலும் குற்றம் நிற்கலாம்.

நம் மாநிலத்தில் சென்னை மாநகருக்கு 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டமும், மற்ற ஊர்களுக்கு 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் இருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது. அதன் 11-ஆம் பிரிவு, திறமை ஆட்டங்களுக்கு விலக்கு தருகிறது. 2020 நவம்பரில் அவசரச் சட்டமாகவும் 2021 பிப்ரவரியில் திருத்தச் சட்டமாகவும் வந்து, பணம் வைத்தால் திறமை ஆட்டமும் குற்றமே என்று ஆக்கப் பார்த்தார்கள். 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே விலக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் வாசகத்தைக் கையில் எடுத்துப் படித்தால் ஒன்று தெரியும். விலக்கு, 5 முதல் 10 வரையுள்ள பிரிவுகளுக்குத்தான். உங்கள் மேல் போட்டிருப்பது 12.

5 முதல் 10 வரையுள்ள பிரிவுகள் சூதாட்ட விடுதியைப் பற்றியவை. அதாவது ஒருவர் தன் லாபத்துக்காக ஆட்டம் நடத்தும் இடம். பிரிவு 12 என்பது தெரு, பொது வழி, பொது இடம் ஆகியவற்றில் ஆடுவது. 12-ல் 'நான் ஆடியது ரம்மி' என்ற வாதம் நேராகப் போய் ஒட்டாது. சூதாட்டம் என்ற சொல்லுக்குள்ளேயே திறமை ஆட்டம் வராது என்று வாதாடலாம், நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் உங்கள் வழக்கை அதை மட்டும் நம்பி நிறுத்த மாட்டேன்.

தோப்புக்குள் உட்கார்ந்திருந்தவர்களை எஃப்.ஐ.ஆர். ஏன் ஓடைக்கரைக்குக் கொண்டுபோனது என்பது இப்போது புரிகிறதல்லவா? தனியார் இடத்துக்குள் நுழைந்து பிடிப்பதென்றால் 5-ஆம் பிரிவின்படி எழுத்தில் தேடுதல் ஆணை வேண்டும். அதை மாஜிஸ்திரேட்டோ உயர் போலீஸ் அதிகாரியோ தர வேண்டும். அப்படி முறையாக நுழைந்து சீட்டுக்கட்டைக் கைப்பற்றினால்தான், அது சூதாட்ட விடுதி என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். பொது இடம் என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எல்லாப் போலீஸாரும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஓடைக்கரையில் பட்டப்பகலில் வெட்டுச்சீட்டு ஓடுவதும் நடக்கிற காரியம்தான். உங்கள் கடிதத்தை நம்பினால், இங்கே இடம் மாறியிருக்கிறது.

எனவே உங்கள் வழக்கின் உயிர் இடத்தில் இருக்கிறது. தோப்பின் பட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து புல வரைபடம், மோட்டாரின் மின் இணைப்பு அட்டை இத்தனையும் தோப்புக்காரரிடம் வாங்கி வையுங்கள். எஃப்.ஐ.ஆரில் சர்வே எண் இருக்கிறதா, எல்லை என்ன சொல்கிறது என்று பாருங்கள். கம்பி வேலியையும் கேட்டையும் இப்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். மகஜரில், அதாவது பொருட்களைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதும் ஆவணத்தில், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார்? ஊர்க்காரரா, ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருப்பவரா? இதெல்லாம் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விகள்.

இனி அந்த 52

பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு ஆறு பேர் உட்கார்ந்தால், பங்கிடவே 78 சீட்டு வேண்டும். ஒரு கட்டில் இருப்பதோ 52. நடுவில் கவிழ்த்து வைக்கக்கூட மிச்சம் இருக்காது, 26 சீட்டு குறைகிறது. நீங்கள் இரண்டு கட்டும் ஜோக்கர்களும் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். மகஜர் 52 என்று சொன்னால், அரசுத் தரப்பு அதையே காட்டி, 'இவர்கள் ஆடியது ரம்மியாக இருக்கவே முடியாது, வெட்டுச்சீட்டுதான்' என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. எதிர்ப்பக்கம் பாருங்கள். நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்ட பொட்டலத்தைப் பிரித்து எண்ணும்போது 104-க்கு மேல் வந்தால், மகஜரே ஆட்டம் காணும். அதனால் அந்தப் பொட்டலம் கோர்ட்டுக்கு எப்போது போனது, எந்தப் படிவத்தில், எத்தனை எண்ணிக்கை என்பதற்குச் சான்று நகல் வாங்கச் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு 20 ரூபாய் என்பது எனக்கு நெருடுகிறது. ரம்மி வழக்கிலேயே கிளப் சீட்டுக்கும் வசதிக்குமாக ஒரு கட்டணம் வாங்குவதை உச்ச நீதிமன்றம் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கும் முறுக்குக்கும் சரியாகப் போய்விட்டது என்றால் பயமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு முப்பது ஆட்டம் என்று வைத்தால் 600 ரூபாய். ஆறு பேர் எத்தனை முறுக்கு தின்றார்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். இந்த விவரத்தை எழுத்தில் எங்கும் கொடுக்காதீர்கள். ஸ்டேஷனில் வாக்குமூலம் என்று எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்பதையும் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

ஃபைன் கட்டலாமா?

ரைட்டர் சொன்னதில் தொகை மட்டும்தான் உண்மை. இந்தச் சட்டத்தில் தண்டனை சிறியதுதான். அபராதம் நூறுகளில் இருக்கும், சிறை என்றாலும் மூன்று மாதத்தைத் தாண்டாது. ஆனால் ஹெல்மெட் கேஸ் போல அல்ல. ஒப்புக்கொண்டு கட்டுவது ஒரு குற்றத் தீர்ப்பு. 'நீங்கள் எப்போதாவது நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதுண்டா' என்ற கேள்வி பல விசா விண்ணப்பங்களில் இருக்கிறது. அப்போது 'ஆம்' என்று எழுத வேண்டியிருக்கும். ஆறு பேரில் யாருக்காவது அரசு வேலைக்குக் காத்திருக்கும் இளவட்டம் உண்டென்றால், அவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். அங்கே வழக்கைவிட வழக்கை மறைப்பதுதான் வேலையைக் கெடுக்கிறது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே பேசியிருக்கிறது.

உங்கள் தேவை வேறு, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பாஸ்போர்ட் சட்டத்தில் தடையாக வருவது, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதுதான். இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றவர்களுக்குத்தான் அடுத்த தடை. ஆக, வெறும் பாஸ்போர்ட் கணக்கில் பார்த்தால் ஃபைன் கட்டி முடிப்பது விரைவான வழியாகத் தெரியும். வழக்கை நடத்தினால், நிலுவை என்ற முள் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த முள்ளுக்கு மருந்து உண்டு. எஃப்.ஐ.ஆர். நிலையில் இருந்து, குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் இன்னும் கோப்பில் எடுக்காமல் இருந்தால், அது 'நீதிமன்றத்தில் நிலுவை' ஆகாது. இன்றே விண்ணப்பியுங்கள், எஃப்.ஐ.ஆர். இருப்பதை மறைக்காமல். கோப்பில் எடுத்துவிட்டால், மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபணையில்லை என்று உத்தரவு வாங்கிப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுக்கலாம். 1993-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடக்கும் சாதாரண நடைமுறை அது. மகள் பிரசவத்துக்குப் போவது நல்ல காரணம். மருத்துவர் கொடுத்த தேதியையும் மனுவோடு இணையுங்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்பதுதான் என் முதல் தேர்வு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவில் மனு போடலாம். நிலம் பட்டா நிலம் என்று ஆவணம் சொல்லும்போது, பிரிவு 12 நிற்க இடம் கிடையாது. ஆறு பேரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போனால் செலவும் குறையும். மனு போட மனமில்லை, பணமில்லை என்றால், காலக்கெடு முடியட்டும் என்று காத்திருப்பதும் கைகொடுக்காது. ஓராண்டு வரை சிறை தரக்கூடிய குற்றங்களுக்கு அதே சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவு ஓராண்டுக் கெடு வைக்கிறது, ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியைத்தான் அது கணக்கில் எடுக்கிறது. குற்றப்பத்திரிகை போடவே மறந்துபோன சீட்டாட்ட வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் 'முடித்துக்கொள்கிறேன்' என்று முடிவெடுத்தால், வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில், முன் தண்டனை இல்லாதவரை எச்சரித்து விடுவிக்கலாம். அதே நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வண்டியையும் போனையும் திரும்பப் பெற நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றால் வண்டிதான் கெடும்.

புரோநோட்டு

"சீட்டுக் கடன்தானே, செல்லாது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பந்தயப் பேச்சு செல்லாது, அதன் பேரில் வழக்குப் போட முடியாது என்கிறது. அது சரி. ஆனால் கையெழுத்துப் போட்ட புரோநோட்டு என்றாலே, அதற்குப் பணம் கைமாறியிருக்கிறது என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில். எனவே நினைவுபடுத்திச் சொல்லுங்கள். தோற்ற தொகைக்கு அப்படியே எழுதிக் கொடுத்தீர்களா, அல்லது ஆட்டத்துக்கு நடுவே அவரிடம் ரொக்கமாகக் கடன் வாங்கினீர்களா? இரண்டும் ஒன்றல்ல. பந்தயம் செல்லாதே தவிர சட்ட விரோதம் ஆகாது, அதை ஒட்டிச் செய்த வேறு ஒப்பந்தம் செல்லக்கூடும் என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடனாக வாங்கியிருந்தால் அது வசூலாகலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நோட்டீஸுக்குப் பதிலாக 'இது சூதாட்டக் கடன், மாதக்கணக்கில் அதே தோப்பில் பணம் வைத்து ஆடினோம்' என்று எழுதிவிட்டால், அந்தக் கடிதமே அடுத்த வழக்கில் உங்களுக்கு எதிராகத் திரும்பும். உங்களைவிடத் தோப்புக்காரருக்கு ஆபத்து அதிகம். இரண்டு வழக்கையும் ஒரே வழக்கறிஞர் பார்க்கட்டும். பதிலை அவர் எழுதட்டும், நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள். நோட்டீஸ் விட்டவரும் உங்களோடு ஜாமீனில் இருப்பவர் என்பதால், சமரசத்துக்கு அவருக்கும் காரணம் இருக்கிறது.

மற்ற கேள்விகள்

போனில் ஆடுகிறவனை விட்டுவிட்டார்கள் என்பது இப்போது பழைய கதை. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்த பட்டியலை மட்டும் அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை பண ஆட்டத்தை மூடின. ஆகஸ்ட் 2025-ல் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே இல்லாமல் இணையப் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே கடையை மூடின. அந்தச் சட்டம் நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் தண்டிக்கிறது, ஆடுபவரை அல்ல. இப்போது டெலிகிராமில் வருகிற செயலிகளில் பணம் போட்டால், போனது போனதுதான். உங்கள் வீட்டுப் பையன் யாராவது ஆடுகிறானா என்பதை மட்டும் பாருங்கள்.

கோயில் கமிட்டிக் குலுக்கல் வேண்டாம். சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுத்தால் அது லாட்டரி, சாமி பெயரில் நடந்தாலும் லாட்டரிதான். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி விற்பனை கிடையாது, அனுமதியில்லாத லாட்டரிக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 297-ஆம் பிரிவும் இருக்கிறது. பணம் வாங்காமல், வந்தவர் பெயரை எழுதிப் போட்டு ஒரு குத்துவிளக்கு கொடுப்பதென்றால் அது வேறு. நன்கொடை ரசீதையே குலுக்கல் சீட்டாக்கும் சாமர்த்தியம் மட்டும் வேண்டாம்.

சகலையின் சீட்டு ஆரியங்காவு பக்கம் கடையில் வாங்கியது என்றால் பரிசை அவர் கோரலாம். 2023 ஓணம் பம்பர் 25 கோடி ரூபாய், வாளையாரில் சீட்டு வாங்கிய தமிழ்நாட்டுக்காரர்களுக்குத்தான் விழுந்தது. குலுக்கலிலிருந்து 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும், பெரிய தொகையில் வருமான வரி 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். புளியரை தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவந்து யாராவது விற்றதை வாங்கியிருந்தால், 'எங்கே வாங்கினீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சங்கடம். நாலைந்து சீட்டு வாங்கி வந்து அக்கம்பக்கத்தில் கொடுத்துக் காசு வாங்குகிறார் என்றால், அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த தீபாவளிக்கு ஆடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் கேட்டிருக்கிறீர்கள், அழித்துவிட்டு மறுபடி எழுதியிருப்பதும் தெரிகிறது. வீட்டுக்குள்ளோ வேலிக்குள்ளோ ரம்மி ஆடலாம். இடத்துக்காரர் ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது, டீயை ஆளுக்கொரு நாள் வாங்குங்கள். காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து ஆடினால் எந்தச் சட்டமும் உள்ளே வராது. ஆனால் இந்த வழக்கு முடியும்வரை அந்தத் திண்ணைப் பக்கமே போகாதீர்கள். நாளைக் காலை காவல்துறை இணையதளத்திலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலை எடுங்கள், மதியத்துக்குள் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் போடுங்கள், மறுநாள் பட்டா நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.